வயதுப் பிரிவு ஓட்டமும் கார்பன் ஷூவும்: வாசகர் கேள்வி-பதில்

நாற்பதைத் தாண்டியும் போட்டிகளில் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: தடித்த சோல், உள்ளே கார்பன் தகடு, ஓடுகிறவர்கள் 'சூப்பர் ஷூ' என்று சொல்கிற அந்த ஷூ. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நானும் 59 வயதில் இன்னும் நேரம் பார்த்து ஓடுகிறவன், அதனால் இந்தக் கேள்விகள் எனக்கும் உரியவைதான்.

கேள்வி: எனக்கு 61 வயது. பத்து வருடமாக அரை மாரத்தானில் நானும் என் வயதுக்காரர் ஒருவரும் முன்னே பின்னே ஓடிவருகிறோம், பெரும்பாலும் நான்தான் முன்னால். இந்த வருடம் அவர் கார்பன் ஷூ போட்டுக்கொண்டு 1 மணி 50 நிமிடத்தில் முடித்துவிட்டார், நான் 1 மணி 54. இது நியாயமான போட்டியா? மனசே ஆறவில்லை.

மனசு ஆறாதது நன்றாகப் புரிகிறது. பத்து வருடம் முதுகைப் பார்த்து ஓடியவர் திடீரென்று முன்னால் போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஷூவின் மேல் எவ்வளவு பழி போடலாம் என்று அது சொல்லிவிடும்.

இந்த ஷூக்களைப் பற்றி எல்லோரும் சொல்கிற '4 சதவீதம்' அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செய்து 2018-ல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. அதில் ஓடியவர்கள் 18 பேர், எல்லோரும் வேகமான ஓட்டக்காரர்கள், மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர் வேகங்களில் ஓடினார்கள். அவர்களுக்குச் சராசரியாக 4 சதவீதம் சக்தி மிச்சமானது. கவனியுங்கள், மிச்சமானது சக்தி, நேரம் அல்ல. அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தது, ஒருவருக்கு 2 சதவீதத்துக்கும் கீழே, இன்னொருவருக்கு 6-க்கும் மேலே.

உங்கள் நண்பர் ஓடியது மணிக்கு ஏறத்தாழ 11.5 கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்தை ஒட்டி, அதாவது மணிக்கு 12 கிலோமீட்டரில், பின்னால் 2023-ல் வந்த ஓர் ஆய்வில் சராசரி மிச்சம் 1.4 சதவீதம்தான். அந்த மிச்சம் முழுக்க நேரமாகவே மாறியது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 1:54-ல் அது ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். மீதி இரண்டரை நிமிடம் எங்கிருந்து வந்தது? அவர் பயிற்சியைக் கூட்டியிருக்கலாம், எடை குறைந்திருக்கலாம், அன்று நீங்கள் கொஞ்சம் களைப்பாக ஓடியிருக்கலாம். அவரிடமே கேளுங்கள். பத்து வருடப் பழக்கம், சொல்லாமலா போய்விடுவார்.

நியாயமா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போது நியாயம்தான். 2016, 2017-ல் அப்படி இல்லை. அப்போது கடைக்கே வராத மாதிரி ஷூக்களைச் சிலர் மட்டும் போட்டு ஓடினார்கள், பக்கத்தில் ஓடியவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. 2020 ஜனவரி கடைசியில் உலக தடகள சம்மேளனம் விதி போட்டது: சாலை ஓட்டத்தில் சோல் 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது, உள்ளே ஒரு தகடுக்கு மேல் இருக்கக் கூடாது. இன்று பெரிய நிறுவனங்கள் எல்லாமே இந்த வகையைச் செய்கின்றன. விலை எல்லோர் கைக்கும் எட்டாது என்பது உண்மையான குறை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விதிக்குள் நிற்கிற ஷூவைப் போட்டதற்காக அவரைக் குற்றவாளியாக்க முடியாது. நீங்களும் போடலாம், போடாமலும் இருக்கலாம், இரண்டில் எதுவும் தப்பில்லை.

கேள்வி: கார்பன் தகடு ஸ்பிரிங் மாதிரி ஆளைத் தூக்கிப் போடுகிறது என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் இல்லை. பெயர் தகடுக்குப் போய்விட்டது, வேலை அதிகம் செய்வது சோலில் இருக்கும் மெத்தென்ற ஃபோம். பழைய ஷூக்களில் இருந்த ஈ.வி.ஏ. ஃபோமை அழுத்தினால், அழுத்திய சக்தியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பித் தரும், மீதி சூடாக வீணாகிவிடும். புது ஷூக்களில் வரும் 'பீபா' வகை ஃபோம், நான் மேலே சொன்ன 2018 ஆய்வின் அளவீட்டில், 87 சதவீதம் திருப்பிக் கொடுத்தது. தடிமனாக இருந்தும் எடை குறைவு. ஷூவின் எடை 100 கிராம் கூடினால் ஓட்டத்தின் சக்திச் செலவு சுமார் 1 சதவீதம் கூடும் என்பது பல காலமாகத் தெரிந்த கணக்கு, அதனால் எடை குறைவதும் லாபம்தான்.

தகட்டை அறுத்துவிட்டு ஓடவைத்தும் பார்த்திருக்கிறார்கள். அதே ஷூ, தகட்டில் மட்டும் குறுக்கே பல வெட்டுகள். சக்திச் செலவு கிட்டத்தட்ட மாறவே இல்லை. அப்படியானால் தகடு எதற்கு? அவ்வளவு மெத்தென்ற ஃபோம் தனியாக இருந்தால் கால் தள்ளாடும், தகடு அதை நிறுத்திப் பிடிக்கிறது. கால்விரல் மூட்டு அதிகம் மடங்காமலும் பார்த்துக்கொள்கிறது. இந்த இரண்டாவது விஷயம்தான் நம் வயதில் முக்கியம், அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: 56 வயதுப் பெண் நான். 10 கிலோமீட்டர், அரை மாரத்தான் ஓடுவேன். கார்பன் ஷூ வாங்கி மூன்று வாரம் ஆகிறது. நேரம் குறைந்திருக்கிறது, ஆனால் குதிகாலுக்கு மேலே நரம்பு இழுக்கிறது, பாதத்தின் மேல்பக்கம் உள்பக்கமாக ஒரு வலி. இளைய பெண்கள் இதே ஷூவில் தினமும் ஓடுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன்?

அம்மா, முதலில் அந்தப் பாதத்து வலி. ஒரு விரலால் அழுத்தும்போது குறிப்பாக ஓர் இடத்தில், எலும்பின் மேலேயே வலித்தால், ஓடுவதை இன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பாதத்தின் நடுவில் படகு மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, நாவிகுலர் என்பார்கள். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, விரிசல் விட்டால் சேர நாளாகும். கார்பன் ஷூ போட்டு ஓடியவர்களில் ஐந்து பேருக்கு அந்த எலும்பில் காயம் வந்ததை மருத்துவர்கள் 2023-ல் கட்டுரையாக எழுதி எச்சரித்திருக்கிறார்கள். ஐந்து பேர்தான், எல்லோருக்கும் வரும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி குறையும் வயதில் இருக்கிற ஒருவர் இதை 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விடக்கூடாது. எக்ஸ்ரேயில் இந்த விரிசல் சில சமயம் தெரியாது. வலி இருக்கும்போது எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று வந்தாலும் மருத்துவரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், ஏன் உங்களுக்கு மட்டும் என்பது. வயதான ஓட்டக்காரர்களை ஆராய்ந்தவர்கள் மனதுக்கு நிறைவான ஒரு விஷயத்தைக் கண்டார்கள்: விடாமல் ஓடிவருகிற 65 வயதுக்காரரும் இளைஞரும் ஒரே வேகத்தில் ஓடினால், இருவருக்கும் ஆகும் சக்திச் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். நம்மிடம் குறைவது வேறு. இதயத்தின் உச்சத் துடிப்பு குறைகிறது, உடல் அதிகபட்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் குறைகிறது. வண்டியில் வைத்துச் சொன்னால் என்ஜின் சிறியதாகிறது, ஆனால் மைலேஜ் அப்படியே இருக்கிறது. இந்த ஷூ அந்த மைலேஜை இன்னும் கொஞ்சம் கூட்டித் தருகிறது.

ஆனால் அதே செலவில் ஓடினாலும் நாம் ஓடும் விதம் மாறிவிடுகிறது. அடி சின்னதாகிறது, அடிகளின் எண்ணிக்கை கூடுகிறது, கணுக்காலில் தள்ளும் பலம் குறைந்து அந்த வேலையில் ஒரு பங்கு இடுப்புக்குப் போய்விடுகிறது. கெண்டைக்காலும் அதன் கீழே குதிகாலோடு சேரும் தசைநாரும்தான் நம் வயதில் முதலில் பலவீனமாகும் இடம். மாஸ்டர்ஸ், அதாவது மூத்தோர் பிரிவு ஓட்டக்காரர் யாரைக் கேட்டாலும் கெண்டைக்கால் கதை ஒன்று வைத்திருப்பார். இப்போது அந்தக் காலில், விரல் மடங்குவதைத் தடுக்கிற, வளைந்த அடிப்பாகம் கொண்ட, மெத்தென்ற ஒரு ஷூவை மாட்டுகிறோம். விரல் மூட்டு செய்துவந்த வேலை வேறெங்கோ போகவேண்டும். எங்கே போகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனால்தான் ஒருவருக்கு முழங்கால் வலி குறைகிறது, இன்னொருவருக்குக் குதிகாலில் இழுக்கிறது. இருபத்தைந்து வயதுத் தசைநார் இந்த மாற்றத்தைச் சில ஓட்டங்களில் ஏற்றுக்கொண்டுவிடும். நம்முடையது மாதக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் ஜோடி வாங்கிய மாதம், அந்தத் துள்ளல் பிடித்துப்போய் எல்லா ஓட்டத்துக்கும் அதையே போட்டேன். நான்காவது வாரம் இன்டர்வல் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி) ஓடும்போது வலது கெண்டைக்காலில் யாரோ கல்லெறிந்த மாதிரி ஒரு அடி, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ஆறு வாரம் ஓட்டம் இல்லை. ஷூவில் எந்தத் தப்பும் இல்லை, நான் அவசரப்பட்டதுதான்.

மருத்துவர் சரி என்று சொன்னபின், பழைய ஷூவிலேயே வாராந்தர ஓட்டங்களை ஓடுங்கள். கார்பன் ஷூவை வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் ஓட்டத்தின் கடைசி மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மட்டும் போடுங்கள். இரண்டு மாதத்தில் ஒரு முழு டெம்போ ஓட்டம் (ஓரளவு வேகத்தை விடாமல் பிடித்து ஓடுவது) வரை ஏற்றலாம். படிக்கட்டின் ஓரத்தில் நின்று குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்கும் பயிற்சியை, முழங்காலை நேராக வைத்து ஒரு சுற்று, கொஞ்சம் மடக்கி ஒரு சுற்று, வாரத்தில் மூன்று நாள் செய்யுங்கள். இந்தப் பயிற்சி மட்டும் விட்டுப்போகாமல் இருந்தால் பாதித் தொல்லை வராது.

கேள்வி: எட் விட்லாக் 73 வயதில் சாதாரண ஷூவில் மாரத்தானை 2:54:48-ல் ஓடினார். பின்னால் வந்தவர் அந்த நேரத்தை முறியடித்தார் என்கிறார்கள். ஷூ மாறிவிட்ட பிறகு பழைய ரெக்கார்டுகளுக்கு என்ன மதிப்பு?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம்.

விட்லாக் கனடாவில் வாழ்ந்தவர். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லறைத் தோட்டத்தின் பாதையில் சுற்றிச் சுற்றி ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வரை மெதுவாக ஓடுவார், அதுதான் பயிற்சி. பயிற்சியாளர் கிடையாது. 2003-ல், 72 வயதில் 2:59:10 ஓடினார். எழுபது தாண்டி மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் முடித்த முதல் மனிதர் அவர்தான். அடுத்த வருடம் டொராண்டோவில் நீங்கள் சொன்ன 2:54:48. 2016-ல், 85 வயதில் 3:56:34 ஓடியபோதும் காலில் பல வருடம் பழைய ஷூ. அடுத்த வசந்தம் வரும் முன்பே, 2017 மார்ச்சில் இறந்துவிட்டார். அந்த வருடம்தான் கார்பன் ஷூ கடைக்கு வந்தது.

நெதர்லாந்தின் யோ ஸ்கோன்ப்ரூட் 2022-ல் 2:54:19 ஓடினார். எழுபது வயதுப் பிரிவில் அது 29 விநாடி வேகம், அவருடைய ஓட்டமும் மகத்தானது, ஐயமே இல்லை. ஆனால் அவருக்கு அப்போது 71 வயது, விட்லாக்குக்கு 73. அந்த வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் நேரம் கூடும் என்று வைத்தாலும், இரண்டு வருடம் என்பது மூன்று நிமிடத்துக்கு மேல். ஷூவைப் பற்றிப் பேசாமலே, வயதை மட்டும் வைத்துப் பார்த்தாலே, விட்லாக்கின் ஓட்டம் எனக்கு உயரமாகத்தான் தெரிகிறது.

நாற்பது வயதுப் பிரிவைப் பாருங்கள். நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் முப்பது வயதுக்கு மேல்தான் ஓடவே தொடங்கினார். 1974 காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் 2:11:18, வெள்ளிப் பதக்கம். அதே நாட்டின் ஜான் கேம்ப்பெல் 1990-ல் பாஸ்டனில் 2:11:04 ஓடும்வரை பதினாறு வருடம் அந்த நேரத்தை யாராலும் தாண்ட முடியவில்லை. தாண்டியதும் 14 விநாடிதான். 2024-ல் எத்தியோப்பியாவின் கெனெனிசா பெகெலே லண்டனில் 41 வயதில் 2:04:15. ஐம்பது வருடத்தில் ஏழு நிமிடம். இதில் ஷூவின் பங்கு உண்டு. ஆனால் பெகெலே இளமையிலேயே 5,000, 10,000 மீட்டர்களில் உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரர், ஃபாஸ்டரோ சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு ஓட்டத்துக்கு வந்தவர். பணம், முழுநேரப் பயிற்சி, ஓட்டத்தின் நடுவே குடிக்கும் பானம் எல்லாமே மாறியிருக்கின்றன. ஏழு நிமிடத்தில் இத்தனை நிமிடம் ஷூவுக்கு என்று பிரித்து எழுத யாராலும் முடியாது.

ஷூவைக் காட்டி இன்றைய மூத்தோரின் ஓட்டத்தை மட்டம் தட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானின் மாரிகோ யுகேதா 2019-ல், 61 வயதில் 2:59:15 ஓடி, அறுபது தாண்டி மூன்று மணிக்குள் வந்த முதல் பெண் ஆனார். 2021 ஜனவரியில் அதை 2:52:13 ஆக்கினார். 1992 ஒலிம்பிக் மாரத்தானில் ஓடிய அயர்லாந்தின் டாமி ஹியூஸ் 2020-ல் 60 வயதில் 2:30:02. இந்த நேரங்களிலிருந்து ஷூவுக்கென்று நான்கு ஐந்து நிமிடத்தைத் தூக்கிவிட்டுப் பாருங்கள், அப்போதும் அது மலைதான்.

என் கருத்து இது: ரெக்கார்டுப் பட்டியலை அழிக்கவும் வேண்டாம், பழையதுக்குத் தனிப் பட்டியல் போடவும் வேண்டாம். நேரத்துக்குப் பக்கத்தில் ஆண்டு எழுதியிருக்கிறதே, அதைச் சேர்த்துப் படிக்கப் பழகினால் போதும்.

கேள்வி: வயதுக்கு ஏற்ற சதவீதக் கணக்கில் நான் போன வருடம் 68, இந்த வருடம் கார்பன் ஷூவில் 70. எனக்கு 64 வயது. நான் முன்னேறியிருக்கிறேனா இல்லையா?

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒவ்வொரு வயதிலும் இவ்வளவுதான் உச்ச நேரம் என்று ஒரு அட்டவணை இருக்கிறது, அதோடு உங்கள் நேரத்தை ஒப்பிட்டால் வருவது இந்தச் சதவீதம். வயது ஏற ஏற ஓட்டம் மெதுவானாலும் சதவீதம் நிற்கும், அதனால் நமக்கெல்லாம் அது பெரிய ஆறுதல்.

உங்கள் 2 புள்ளியில் ஷூ எவ்வளவு என்று அறிய ஒரே வழி, பழைய ஷூவில் மறுபடி ஓடிப்பார்ப்பது. ஒரு நாள் ஓடி முடிவு செய்யாதீர்கள், வெயில், காற்று, தூக்கம் எல்லாம் இதைவிடப் பெரிய வித்தியாசம் செய்யும். ஒரே பாதை, ஒரே நேரம், ஐந்து கிலோமீட்டர், நாடித்துடிப்பை ஒரே அளவில் பிடித்து ஓடுங்கள், வாரம் விட்டு வாரம் ஷூவை மாற்றி மாற்றி, மொத்தம் ஆறு முறை.

நான் ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன்: தேதி, தூரம், நேரம், சராசரித் துடிப்பு, கடைசிப் பத்தியில் ஷூ. பழைய ஷூவுக்கு 'ப', புதுசுக்கு 'பு'. நான்கு வருடப் பக்கங்களைப் புரட்டினால் 'பு' வரிகள் வேகமாக இருக்கின்றன, ஆனால் 'ப' வரிகளிலும் ஒரு கோடை முழுக்க நேரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அந்த 'ப' வரிகளைப் பார்க்கும்போதுதான் நான் உண்மையிலேயே நன்றாக ஓடியிருக்கிறேன் என்று தெரிகிறது. அந்த ஒரு எழுத்தை மட்டும் எழுதாமல் விடாதீர்கள்.

கேள்வி: வயதுப் பிரிவில் ஓடுகிற நம்மையும் ஷூவுக்காகத் தகுதிநீக்கம் செய்வார்களா?

செய்யலாம். 2021 வியன்னா மாரத்தானில் முதலாவதாக வந்த எத்தியோப்பிய வீரர் டெராரா ஹுரிசா, சோல் 5 சென்டிமீட்டர் தடிமன் என்று தெரிந்ததும் தகுதி இழந்தார், இரண்டாவதாக வந்தவருக்கு வெற்றி போனது. ஊர் ஓட்டங்களில் யாரும் அளப்பதில்லை. மூத்தோர் தடகளப் போட்டிகளிலோ, ரெக்கார்டு ஏற்கப்பட வேண்டிய ஓட்டத்திலோ கவனம் தேவை. பயிற்சிக்கென்றே விற்கிற சில ஷூக்கள் 40 மில்லிமீட்டரைத் தாண்டியவை. டிராக்கில் இன்னும் கடுமை: 2024 நவம்பர் 1 முதல் 20 மில்லிமீட்டர்தான். சாலைக்கு வாங்கிய கார்பன் ஷூவோடு டிராக்கில் 5,000 மீட்டர் ஓட நின்றால் அது விதிமீறல், பலருக்கு இது தெரியவில்லை. சம்மேளனத்தின் இணையதளத்தில் அனுமதிபெற்ற ஷூக்களின் பட்டியல் இருக்கிறது, பதிவுக் கட்டணம் கட்டும் முன் ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: ஷூவால் எல்லோரும் வேகமாகிவிட்டதால்தான் பாஸ்டன் மாரத்தானில் சேரத் தேவையான தகுதி நேரங்களைக் குறைத்தார்களா?

ஷூ ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அதிகாரபூர்வமாகச் சொன்ன காரணம் இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் என்பதுதான். 2025 ஓட்டத்துக்குத் தகுதி நேரத்தைவிட 6 நிமிடம் 51 விநாடி வேகமாக ஓடியவர்களுக்கே இடம் கிடைத்தது. 2026-க்கு, 60 வயதுக்குக் கீழுள்ள எல்லாப் பிரிவுகளுக்கும் 5 நிமிடம் குறைத்தார்கள். அறுபதும் அதற்கு மேலும் தொடப்படவில்லை, ஆண்கள் 60-64-க்கு 3:50, பெண்களுக்கு 4:20 அப்படியே நிற்கிறது. 58, 59 வயதில் இருக்கிறவர்களுக்கு இது உறுத்தும், எனக்கும் உறுத்தியது.

கேள்வி: ஒரு ஜோடி எத்தனை கிலோமீட்டர் வரும்? தினசரி ஓட்டத்துக்குப் போடலாமா?

தினசரிக்கு வேண்டாம். அந்த ஃபோம் மென்மையானது, சில நூறு கிலோமீட்டரில் துள்ளல் போய்விடும், மேலே துணி புதிதாகவே இருக்கும், அதுதான் ஏமாற்றும். ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து கண் மட்டத்தில் பாருங்கள். குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. சோலின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்துங்கள், புதியது உடனே எழும்பும், தேய்ந்தது சுருக்கம் விழுந்து தயங்கி எழும்பும். சாய்ந்த ஷூவில் ஓடுவதைவிட நல்ல சாதாரண ஷூவில் ஓடுவது காலுக்கு எவ்வளவோ மேல்.

இன்னொன்று. கடினமான ஓட்டத்துக்கு மறுநாள் கால் குறைவாக வலிக்கிறது என்று நம் வயதுக்காரர்கள் நிறையப் பேர் சொல்கிறார்கள், என் அனுபவமும் அதுதான். நேரத்தைவிட இந்த லாபத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். முன்பெல்லாம் நீண்ட ஓட்டத்துக்குப் பின் மூன்று நாள் படி இறங்கவே பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்குவேன், இப்போது இரண்டாம் நாள் மெதுவாக ஓடமுடிகிறது. ஆனால் வலி குறைந்திருக்கிறது என்பதற்காக ஓய்வு நாளைக் குறைத்துவிடாதீர்கள். தசை வலிக்காமல் இருக்கும்போதே தசைநாரும் எலும்பும் களைத்திருக்கும், அவை சத்தம் போடாது.

கேள்வி: என் அப்பாவுக்கு 73 வயது. மணிக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் 10 கிலோமீட்டர் ஓட்டங்களில் கலந்துகொள்கிறார். பிறந்தநாளுக்குக் கார்பன் ஷூ வாங்கித் தரலாம் என்று நினைக்கிறேன். அவருக்குப் பயன்படுமா?

உங்கள் அப்பா 73-ல் போட்டி எண் குத்திக்கொண்டு நிற்கிறார் என்பதைப் படித்ததே சந்தோஷம். வேகத்தைப் பொறுத்தவரை பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். முதல் பதிலில் சொன்ன அதே ஆய்வில், மணிக்கு 10 கிலோமீட்டரில் சராசரி மிச்சம் 1 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது, சிலருக்கு இந்த ஷூவில் செலவு கூடவே செய்தது. அவருடைய வேகம் அதற்கும் கீழே.

அவருடைய வயதில் நான் முதலில் பார்ப்பது சமநிலை. 40 மில்லிமீட்டர் உயரத்தில், மெத்தென்ற, குறுகலான குதிகால் கொண்ட ஷூவில் கால் பிரண்டால் விழுவது உயரத்திலிருந்து. தகடு இல்லாமல் அதே ஃபோம் வைத்து, அகலமான அடியோடு செய்கிற ஷூக்கள் இருக்கின்றன, அநேகமாக அவருக்கு அதுதான் பொருந்தும்.

பெட்டியைக் கட்டி ஆச்சரியமாகக் கொடுக்க வேண்டாம், அவரையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மாலையில் போங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போது இருக்கிற அளவு அதுதான். இரண்டு வகையையும் போட்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்கச் சொல்லுங்கள், சட்டென்று திரும்பச் சொல்லுங்கள். பக்கத்தில் படிக்கட்டு இருந்தால் நான்கு படி இறங்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அவர் காலைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். கை தானாகக் கைப்பிடியைத் தேடிப் போனால் அந்த ஜோடியைக் கழற்றிவிட்டு அடுத்ததைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.